ஒரு மெயில், இரண்டு மாடி

கம்ப்யூட்டர் திரையின் நடுவில் அந்தச் சின்னப் பெட்டி மறுபடியும் வந்து உட்கார்ந்தது. பாஸ்வேர்டைக் கொடு என்றது. கொடுத்தாள். பெட்டி மறைந்தது. பீங்கான் தூளைக் குழைக்கலாம் என்று அவள் தூரிகையைக் கையில் எடுத்ததும் திரும்பி வந்தது. கொடு என்றது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகூட ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் காபி ஆறும் வரைக்காவது சும்மா இருப்பான். இதற்கு அந்த நாகரிகமும் கிடையாது.

முன்பெல்லாம் இப்படி ஏதாவது நடந்தால் மவுஸைத் தூக்கி எறியாத குறையாகக் கத்துவாள். இப்போது கோபம் வருவதில்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு கன்னம் இருக்குமே, தொட்டுப் பார்த்தால் யாருடையதோ போல, அப்படித்தான் கொஞ்ச காலமாக அவளுக்கு எல்லாமே இருந்தது. பெட்டி வந்தால் பாஸ்வேர்டு போட்டாள். போகாவிட்டால் கேன்சலை அழுத்தினாள். மறுபடியும் பல்லைப் பார்த்தாள்.

பல்தான் பிழைப்பு. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல் செய்து கொடுக்கும் லேப் அது. கீழ்மாடியில் அவள் கணவர் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, உலோகம் உருக்கி, அடிப்பாகத்தைச் செய்வார். மேல்மாடியில் அவள் அதன்மீது பீங்கான் பூசி, நிறம் சேர்த்து, உலையில் வைத்துச் சுட்டெடுப்பாள். இவர் இல்லாமல் அவள் பல்லுக்கு அஸ்திவாரம் இல்லை, அவள் இல்லாமல் இவர் பல்லுக்கு முகம் இல்லை. ஊரில் எத்தனையோ பேர் அந்தப் பற்களால் ஒழுங்காகச் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செய்தவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஏன் பேச்சு நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கும். இரண்டும் போதாததாகவும் இருக்கும். எப்படியோ, அவர் கீழேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார், அவள் மேலேயே. யாராவது கேட்டால் சொந்தப் புருஷனையே "கீழ்வீட்டுக்காரர்" என்பாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, "மேல்வீட்ல கேட்டுக்கோங்க" என்று டாக்டர்களிடம் சொல்வார். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு ஸ்டூல். முடிந்த வேலையைத் தட்டில் வைத்து அவர் அங்கே விட்டுப் போவார், அவள் இறங்கி வந்து எடுத்துக்கொள்வாள். தட்டில் ஒரு சீட்டு இருக்கும். 'மேல் இடது கடைவாய். கடி உயரம் பார்க்கவும்.' சீட்டில் பல்லைத் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை இருவரும் கோர்ட்டு உத்தரவு மாதிரி கடைப்பிடித்தார்கள். ஒரு தடவை கீழே தண்ணீர்க் குழாய் உடைந்து மாவு மூட்டையெல்லாம் நனைந்தபோதுகூட அவர் சீட்டில் எழுதியது 'இரண்டு பல் தாமதமாகும்' என்பதைத்தான்.

இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது லேப்பின் மெயில் ஒன்றுதான். மேலே ஒரு கம்ப்யூட்டர், கீழே ஒரு கம்ப்யூட்டர், இரண்டிலும் அதே மெயில், அதில் இருவரின் போன் நம்பரும். டாக்டர்கள் அதற்கு எழுதுவார்கள். மகளும் அதற்குத்தான் எழுதுவாள்.

மகள் கடல் தாண்டி வேறொரு தேசத்தில் தனியாக இருந்தாள். வயது முப்பதைத் தாண்டியும் இவர்களுக்கு அவள் பாப்பாதான். முதலில் இருவருக்கும் தனித்தனியாகத்தான் போன் செய்துகொண்டிருந்தாள். அம்மாவிடம் பேசினால் அப்பா புராணம், அப்பாவிடம் பேசினால் அம்மா புராணம். ஒரு நாள் அவளுக்கு வெறுத்துப் போயிற்று. "இனிமே நான் உங்க ரெண்டு பேர் போனையும் எடுக்கறதா இல்ல. லேப் மெயிலுக்கு எழுதறேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் படிங்க, ஒண்ணாப் பதில் போடுங்க. இல்லேன்னா போடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

அந்த மகளிடமிருந்து போன வாரம் ஒரு மெயில் வந்தது. முதுகெலும்பில் ஆபரேஷன். அதன்பிறகு சில வாரம் படுக்கையிலேயே கிடக்க வேண்டும். 'கூட ஒரே ஒருத்தர்தான் தங்கலாம்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அம்மாவோ அப்பாவோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணி, ஒரே பதிலா எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் கொடுக்கணும். எனக்குப் பயமா இருக்கு' என்று எழுதியிருந்தாள்.

கடைசி வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பயமாக இருக்கிறது என்று அந்தப் பெண் சின்ன வயதில்கூடச் சொன்னதில்லை. கீழ்வீட்டுக்காரரும் படித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியும். இறங்கிப் போய்ப் பேச வேண்டும். அவர் ஏறி வரட்டுமே என்று இருந்தாள். கீழே அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். படியில் பற்கள்தான் ஏறி இறங்கின.

பாஸ்வேர்டு வம்பு தொடங்கியது அப்போதுதான். பழைய பாஸ்வேர்டு பாதுகாப்பாக இல்லை, மாற்றுங்கள் என்று மெயில்காரன் ஒரு நாள் காலையில் கேட்டான். போனுக்கு ஒரு குறியெண் அனுப்பினான், அதைப் போட்டு மாற்றினாள். கீழே சொல்ல வேண்டுமே என்று தோன்றத்தான் செய்தது. சீட்டில் எழுதலாமா என்று பேனாவையும் எடுத்தாள். 'கீழ் முன்பல். அடிப்பாகத்தின் தடிமன் குறைக்கவும்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். பாஸ்வேர்டு பல் இல்லையே.

சாயங்காலம் அவளுடைய திரையில் பெட்டி வந்தது. காலையில் தானே வைத்த பாஸ்வேர்டைப் போட்டாள். தவறு என்றது. தன் ஞாபகத்தின்மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லை, மறந்திருப்போம் என்று நினைத்து மறுபடியும் குறியெண் வாங்கி மாற்றினாள். மறுநாள் காலை மீண்டும் பெட்டி. மீண்டும் மாற்றினாள். மதியம் மீண்டும். மாற்றுவதும் பெட்டி வருவதுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. கீழ்வீட்டுக்காரர் வேண்டுமென்றே செய்கிறார். அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, பாப்பாவுக்குத் தனியாகப் பதில் எழுதி, தன் பேரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார்.

நினைத்ததும் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அப்படியா சங்கதி" என்று வாய்விட்டு மட்டும் சொன்னாள். மறுபடியும் மாற்றப் போனாள். பல முறை மாற்றியாகிவிட்டது, நாளைக்கு வா என்று மெயில்காரன் இருவருக்கும் சேர்த்து மெயிலையே பூட்டிவிட்டான்.

அன்று மதியம் உலை சூடாகும் இடைவேளையில் மகளுக்குப் பதில் எழுதினாள். 'பாப்பா, நானும் அப்பாவும் உக்காந்து பேசினோம். நான்தான் வரணும்னு அப்பாவே சொல்லிட்டாரு. அவருக்கு இங்க வேலை தலைக்கு மேல கெடக்கு. அம்மா பேரைக் கொடுத்துடு' என்று எழுதினாள். பொய்தான். ஒன்றாகப் பதில் போட்டால்தான் ஏற்றுக்கொள்வாள் என்றால் ஒன்றாகப் போட்டது போல எழுத வேண்டியதுதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அனுப்பு என்று அழுத்தினாள். மெயில் போகவில்லை. பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்டது. எழுதியது அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொண்டது. வழி திறந்ததும் தானாகவே போகும், அதுதான் அந்த அவுட்பாக்ஸின் வேலை. போகட்டும் என்று விட்டுவிட்டு, பல்லை உலையில் வைத்தாள்.

வியாழக்கிழமை மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற அந்த மனிதருக்கு அந்த வட்டாரத்தில் 'ரீஸ்டார்ட்' என்றுதான் பெயர். எந்த வியாதிக்கும் முதல் மருந்து அதுதான். நாற்பது வயதுக்காரர், வாய் ஓயாத ஆள். உள்ளே வந்ததும் அணைத்துப் போட்டார். பெட்டி வந்தது. மறுபடியும் அணைத்துப் போட்டார். பெட்டி அதைவிட வேகமாக வந்தது.

"என்னக்கா இது, விடாக்கண்டனா இருக்கு!" என்றார். பிறகு அவள் போனில் குறியெண் வாங்கி மெயிலின் உள்ளே நுழைந்து, யார் யார் எங்கிருந்து நுழைந்தார்கள் என்று காட்டும் இடத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, பயப்படாதீங்க. உங்க பாஸ்வேர்டை வேற யாரோ மாத்திகிட்டே இருக்காங்க. நீங்க மாத்த, அவன் மாத்த, நீங்க மாத்த, அவன் மாத்த. நீங்க சாப்பிடப் போற நேரம்கூடத் தெரிஞ்சு வெச்சிருக்கான் போல."

"யாருன்னு தெரியுமா?" என்றாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"பேரு காட்டாதுக்கா. ஆனா எந்த லைன்லேந்து வர்றான்னு காட்டும்..." ரீஸ்டார்ட் திரையை நெருங்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இந்த வீட்டு லைனு. திருடன் வீட்டுக்குள்ளயேதான் இருக்கான்."

சொல்லிவிட்டு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாஸ்வேர்டு மாறிடுச்சுன்னு உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை வேற அனுப்பியிருக்காங்க. எதுக்கு அனுப்பியிருக்காங்க பாருங்க, பூட்டிக் கெடக்கற இதே மெயிலுக்கு! சாவியை உள்ள வெச்சுப் பூட்டின கதை. இருங்க, சாரைக் கூட்டிட்டு வரேன்" என்று படியிறங்கினார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்தார். முழங்கை வரை மாவு வெள்ளை. மேல்மாடிக்கு வந்து எவ்வளவு காலமாகிவிட்டதோ, எங்கே நிற்பது என்று தெரியாமல் உலைக்குப் பக்கத்தில் நின்றார். மனிதர் இளைத்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

"நான் வேணும்னு மாத்தலை" என்றார் சுவரைப் பார்த்து. "கேட்டுச்சு. போட்டேன். தப்புன்னுச்சு. மாத்தினேன்."

"எனக்கும்தான் கேட்டுச்சு."

"நீ என்னை வெளிய தள்றேன்னு நெனச்சேன்."

"நான் அதையேதான் நெனச்சேன்."

ரீஸ்டார்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா இருக்கே! ஒரே வீட்ல இருந்துகிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்குமே. சரி விடுங்க. நானே ஒரு பாஸ்வேர்டு வைக்கிறேன், ரெண்டு மெஷின்லயும் நானே போட்டுட்டுப் போறேன். நீங்க ரெண்டு பேரும் எதையும் தொட வேண்டாம், புண்ணியமாப் போகும்." புதிதாக ஒன்று வைத்து, ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு கீழே போனார்.

அறையில் இருவரும் தனியாக இருந்தார்கள். உலை மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. யாராவது பேசித்தான் ஆக வேண்டும். பேசியது அவர்தான்.

"நீ போயிட்டு வா."

அவள் நிமிர்ந்தாள்.

"பாப்பாகிட்ட. நீதான் போகணும். குளிப்பாட்டணும், துணி மாத்தணும். நான் இருந்தா அவ கூச்சப்படுவா. இங்க பீங்கான் வேலையைக் கொஞ்ச நாள் வெளிய கொடுத்துக்கறேன், டாக்டருங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "தூக்கி உக்கார வைக்கணுமே. உங்க கைக்குத்தான் பலம் அதிகம்" என்றாள். "நீங்க போனாலும் எனக்குச் சம்மதம்தான்."

"உனக்கு முட்டி வலி வேற..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "பரவால்ல. நீயே போ. அவ பயமா இருக்குன்னு எழுதியிருக்கா. அதுக்கு அம்மாதான் சரி."

"சரி. போறேன்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. இத்தனை காலம் ஏறாத மலையாக நின்ற விஷயம், ஒரு பல்லுக்குப் பூச்சுப் பூசுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. அவளுக்கு நெஞ்சு லேசாக வலித்தது. வலி என்று ஒன்று தெரிந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஒண்ணாவே எழுதிடலாம். நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன்" என்றாள். அவர் தலையாட்டி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவுட்பாக்ஸ் ஞாபகம் வந்தது.

'அப்பாவே சொல்லிட்டாரு.' அவர் சொல்வதற்கு முன்னாலேயே அவள் எழுதி வைத்தது அங்கே உட்கார்ந்திருந்தது. நீக்க வேண்டுமென்றால் இவர் கண்ணெதிரில் அதைத் திறக்க வேண்டும். இவர் படிப்பார். தன் பேரைச் சொல்லி இவள் பொய் எழுதினாள் என்று தெரியும். இவர் கீழே போன பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எப்படியும் தான்தானே போகப் போகிறோம், அந்த மெயில் போனாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது என்றும் நினைத்தாள்.

ரீஸ்டார்ட் மூச்சு வாங்க ஏறி வந்தார். "கீழ போட்டாச்சு சார். சூப்பரா ஓடுது. இத்தனை நாள் நின்னு போனதெல்லாம் உள்ள கொட்டோ கொட்டுன்னு கொட்டுது" என்றார்.

கீழ்வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "கீழயா? அதுக்குள்ள போட்டுட்டீங்களா?"

"முதல்ல அதைத்தானே போட்டேன். ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல" என்றார். ஆனால் உட்காரவில்லை. படியைப் பார்த்தார், இறங்கவும் இல்லை. அவர் முகத்தை அவள் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ரீஸ்டார்ட் அவளுடைய நாற்காலிக்குக் குறுக்கே கையை நீட்டிப் பாஸ்வேர்டை அடித்தார். இருங்க என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அவள் சும்மா இருந்தாள். விரல் பட்டனை அழுத்தியது. பெட்டி மறைந்தது. மறைந்தது மறைந்ததுதான், திரும்பி வரவே இல்லை.

"அவ்வளவுதான், தொல்லை விட்டுது!" என்றார் ரீஸ்டார்ட். "பாருங்க, உங்களோடது ஒண்ணு நின்னுகிட்டிருந்துச்சு, அதுவும் போயிடுச்சு. கீழயும் இப்படித்தான் ஒண்ணு நின்னுச்சு, போயிடுச்சு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இருவருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார்.

அனுப்பியவை பகுதியில் இரண்டு மெயில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இரண்டும் பாப்பாவுக்கு. மெயில் பொதுவாயிற்றே, மறைக்க வழியில்லை. அவள் மேலே இருந்ததைத் திறக்கவில்லை, அது அவளுடையது. கீழே இருந்ததைத் திறந்தாள். அவர் பின்னால் நின்றபடி இருந்தார், தடுக்கவில்லை.

'பாப்பா, அம்மாவும் நானும் கலந்து பேசிட்டோம். முட்டி வலியோட தன்னால முடியாதுன்னு அம்மாவே சொல்லிட்டா. அப்பாதான் வர்றேன். அப்பா பேரைக் கொடு.'

அவள் படித்து முடித்தாள். பிறகு தன்னுடையதையும் தானே திறந்து, அவர் படிக்கும்படி நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி விட்டுக்கொண்டு படித்தார்.

"எப்ப எழுதின?" என்றார்.

"மெயில் பூட்டிக்கிட்ட அன்னிக்கு. நீங்க?"

"அன்னிக்குத்தான்."

சீக்கிரம் இன்னொன்று எழுதிவிடலாம் என்றார் அவர். முன்னே வந்த ரெண்டையும் படிக்காதே, இதுதான் நிஜமான பதில் என்று எழுதலாம் என்றார். அவள் விசைப்பலகையில் கை வைத்தாள். முதல் வரியில் என்ன எழுதுவது என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோதே பதில் வந்துவிட்டது. மகள் அங்கே கம்ப்யூட்டர் முன்னாலேயே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள்.

'ரெண்டு பேர் மெயிலும் ஒரே நிமிஷத்துல வந்துது. நீங்க பேசவே இல்லைன்னு புரிஞ்சுடுச்சு. என் ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க, நேத்தே கேட்டு வெச்சிருந்தேன், சரின்னாங்க. அவங்க பேரைக் கொடுத்துட்டேன். நீங்க யாரும் வர வேண்டாம். ஆபரேஷன் முடிஞ்சதும் உங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா எழுதறேன். ஆளுக்கொரு மெயில் வெச்சுக்கோங்க.'

உலை வேலை முடிந்து மணி அடித்தது. அவள் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பல்லை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் உடனே நிறம் பார்க்க வேண்டும், அவள் கண்ணுக்கு இப்போது நிறம் தெரியாது.

"நாம பேசினோம்னு எழுது" என்றார் அவர். "இன்னிக்கு நிஜமாவே பேசினோம்னு எழுது."

"நம்புவாளா?"

அவர் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் எழுதினாள். நாங்கள் இன்றைக்குப் பேசினோம், அம்மா வருவதாக முடிவு செய்தோம் என்று எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்தாள். ஏற்கெனவே போன இரண்டு மெயிலிலும் இருந்த அதே வார்த்தைகள். மூன்றாவது பொய் போலத்தான் இருந்தது.